புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி: எதற்குத் தயாராக வேண்டும்?

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவ இயற்பியலில் முதுநிலைப் படிப்பின் இறுதித் தேர்வை எழுதி முடித்திருக்கிறேன். கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் இயற்பியலாளராகப் பணிபுரிய வேண்டுமானால், தகுந்த வசதிகள் உள்ள ஒரு பிரிவில் குறைந்தது 12 மாதங்கள் உள்ளுறைப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி என்பதால், அடுத்த மாதம் கோவையில் ஒரு மருத்துவமனையில் சேரவிருக்கிறேன். அங்கே வெளியிலிருந்து கதிர் செலுத்தும் லினாக் இயந்திரங்களும், கதிரியக்க மூலத்தைக் கட்டியின் அருகிலேயே வைத்துச் சிகிச்சை தரும் பிராக்கிதெரபிக் கருவியும், சிகிச்சையைத் திட்டமிடுவதற்கான படம் எடுக்கும் சி.டி. சிமுலேட்டரும் உள்ளன. படிக்கும் காலத்தில் மருத்துவமனைகளுக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள் என்றாலும், வகுப்பே கூட்டமாகக் கட்டுப்பாட்டு அறையில் நின்று திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பியதோடு சரி. நோயாளியின் அருகில் நின்ற அனுபவம் எங்களில் எவருக்கும் இல்லை.

எனக்கு முன் படித்தவர்கள் ஏறக்குறைய ஒரே அறிவுரையைத்தான் தருகிறார்கள். எத்தனை சிகிச்சைத் திட்டங்களைப் போட்டிருக்கிறாய் என்றுதான் நேர்காணலில் கேட்பார்கள், ஆகவே கதிரை எங்கே, எவ்வளவு செலுத்துவது என்று கணக்கிடும் பிளானிங் கணினியை விட்டு முதல் நாளிலிருந்தே எழுந்திருக்காதே, மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இது சரியான வழிதானா? இன்னொன்று, "கரண்ட் வைத்தால் சரியாகிவிடுமா?" என்று ஒரு நோயாளி நேரடியாகக் கேட்டால், மருத்துவரும் அல்லாத, செவிலியரும் அல்லாத ஒரு பயிற்சி மாணவி என்ன சொல்லலாம்?

வீட்டில் அம்மாவின் கவலை வேறு. கதிர்வீச்சுக்கு நடுவே ஓராண்டு இருந்தால் பிற்காலத்தில் குழந்தைப்பேற்றுக்குச் சிக்கல் வரும் என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவருக்கு உறக்கமில்லை. பாடத்தில் படித்த அளவு வரம்புகளை எடுத்துச் சொன்னேன். எண்களைக் கேட்டதும் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இப்பயிற்சியைக் கடந்து வந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கதிரளவன்

வாழ்த்துகள். நான் மருத்துவ இயற்பியலாளன். பயிற்சிக்கு வருபவர்களை வழிநடத்தும் பொறுப்பும் என்னிடம் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் சில வாரங்களில் உங்கள் நாள் பெரும்பாலும் நோயாளிகள் வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். லினாக்கைச் சூடேற்றி, சுவரில் உள்ள லேசர் கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றனவா என்று பார்த்து, வெளிவரும் கதிரளவு முந்தைய நாள்களோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்து, கதவைத் திறந்தவுடன் கற்றை நிற்கிறதா என்பதை உறுதி செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். தினசரிச் சோதனையில் கதிரளவு 3 விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்தால் காரணம் தெரியாமல் சிகிச்சையைத் தொடங்கக்கூடாது. சில நாள்களிலேயே இது சலிப்பூட்டும். சலித்த பிறகும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறீர்களா, அல்லது நேற்றைய எண்ணையே இன்றும் எழுதுகிறீர்களா என்பதைத்தான் எங்களைப் போன்றவர்கள் கவனித்துக்கொண்டிருப்போம்.

கோவையில் சேர்வதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அயனிச் சேம்பரால் கதிரளவை அளக்கும்போது அதற்குள் இருக்கும் காற்றின் அடர்த்திக்காக வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றின் திருத்தத்தைப் பெருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே உண்மையான காற்றழுத்தம் 96 அல்லது 97 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். கைப்பேசியில் வானிலைச் செயலியைத் திறந்தால் அது 101 என்று காட்டும். ஏனென்றால் அது கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம். அந்த எண்ணைச் சூத்திரத்தில் போட்டால் இயந்திரம் உண்மையில் தருவதைவிட 4 முதல் 5 விழுக்காடு குறைவாகத் தருவது போலத் தோன்றும். அதை நம்பி இயந்திரத்தைச் "சரிசெய்தால்", மறுநாளிலிருந்து மேசையில் படுக்கும் ஒவ்வொருவருக்கும் அவ்வளவு கூடுதலாகப் போய்ச் சேரும். எந்தத் திரையிலும் சிவப்பு விளக்கு எரியாது. ஆகவே பிரிவில் காற்றழுத்தத்தை அளக்கும், அளவுத்திருத்தம் செய்யப்பட்ட பாரமானி எங்கே இருக்கிறது, அது கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிளானிங் பற்றி உங்களுக்கு முன் படித்தவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நேர்காணலில் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே கணினியின் முன் அமர்வதை நான் ஏற்கமாட்டேன். கட்டியைச் சுற்றி மருத்துவர் வரையும் எல்லைக்கு வெளியே நாம் 5 மில்லிமீட்டரோ 7 மில்லிமீட்டரோ ஓரம் விடுகிறோம் அல்லவா, அந்த ஓரம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நோயாளி ஒவ்வொரு நாளும் எவ்வளவு துல்லியமாக அதே இடத்தில் படுக்கிறார் என்பதைப் பற்றிய நமது கணிப்புதான் அது. அவர் படுப்பதைப் பார்க்காத ஒருவருக்கு அந்த எண் வெறும் எண்ணாகவே இருக்கும்.

எனவே முதல் இரண்டு மாதங்களை, நோயாளியை அசையாமல் வைக்கும் முகமூடி போன்றவற்றைச் செய்யும் மோல்டு அறையிலும் சிமுலேட்டரிலும் சிகிச்சை மேசையின் அருகிலும் கழியுங்கள். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு முகமூடி செய்யும்போது, ஏறத்தாழ 70 டிகிரி வெந்நீரில் பிளாஸ்டிக் தகடு நெகிழ்ந்து வரும். அதை முகத்தின் மேல் இழுத்துப் பொருத்தினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். நம் ஊரில் புகையிலையாலும் வெற்றிலையாலும் வாய்ப்புற்று வந்தவர்களே அதிகம் என்பதால் இந்த வேலைக்குப் பஞ்சமிருக்காது. பொதுவாக இவர்களுக்கு 35 அமர்வுகளில் 70 கிரே (உடல் ஏற்கும் கதிரளவின் அலகு) வரை தருகிறோம். மூன்றாவது வாரத்தில் வாய் புண்ணாகி, கஞ்சியே இறங்காமல், உடல் மெலியத் தொடங்கும். முதல் நாள் இறுக்கமாக இருந்த முகமூடிக்கும் தாடைக்கும் நடுவே அப்போது விரல் நுழையும். கணினியில் உள்ள சி.டி. படத்தில் இருப்பவரோ இன்னும் பழைய உடல் எடையோடுதான் இருக்கிறார். முகமூடிக்குள் தலை அசைய இடம் கிடைத்துவிட்டால், தண்டுவடத்துக்கு 45 கிரேக்கு மேல் போகவில்லை என்று நீங்கள் காட்டும் வரைபடத்துக்குப் பொருளில்லாமல் போய்விடும். எங்கள் பிரிவில் இதை முதலில் கண்டு சொன்னவர்களில் பயிற்சி மாணவர்களும் உண்டு. கணினியை விட்டு எழுந்து வந்தவர்கள் அவர்கள். புதிதாக சி.டி. எடுத்து, புது முகமூடி செய்து, திட்டத்தை மாற்றினோம்.

அதன் பிறகு பிளானிங்கில் அமருங்கள். மென்பொருள் தரும் எண்ணைக் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் விடாதீர்கள். பிராக்கிதெரபியில் பயன்படும் கதிரியக்க மூலமான இரிடியம் 192-இன் வலு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு தேய்கிறது. கோபால்ட் 60 மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு. மூலம் தேயத் தேயச் சிகிச்சை நேரத்தைக் கூட்ட வேண்டும். இந்த இரண்டையும் நினைவில் வைத்திருந்தால், நேற்றைய நேரத்தை இன்றைக்கும் போட்டிருக்கும் திட்டத்தைப் பார்த்தவுடனே கேள்வி கேட்கத் தோன்றும்.

அம்மாவின் கவலைக்கு வருகிறேன். லினாக் நிறுத்தப்பட்டிருக்கும்போது அதிலிருந்து கற்றை வருவதில்லை. இயங்கும்போது அறைக்குள் நோயாளியைத் தவிர எவரும் இருப்பதில்லை. நடுவே தடித்த கான்கிரீட் சுவர் இருக்கிறது. பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (பணியாளர் பெறும் கதிரளவைக் குறிக்கும் அலகு), எந்த ஓராண்டிலும் 30. நடைமுறையில் இப்பிரிவில் வேலை செய்பவர்கள் அணியும், கதிரளவைப் பதியும் பேட்ஜின் அறிக்கைகள் இதன் அருகில்கூட வருவதில்லை. பெரும்பாலும் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். கருவுற்றிருப்பதைத் தெரிவித்த பிறகு கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட் என்று தனியே வகுத்திருக்கிறார்கள். இவையும் எண்கள்தான் என்பீர்கள். அப்படியானால் துறைத்தலைவரின் அனுமதியோடு ஒரு மாலை நேரத்தில் அம்மாவை அழைத்து வந்து, அந்தக் கதவையும், அங்கே வேலை செய்யும், பிள்ளைகள் பெற்று வளர்த்த பெண்களையும் காட்டுங்கள். எங்கள் பிரிவில் பெற்றோர் சிலருக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

மறுமொழி: காலைஏழுமணி

நான் கதிரியக்கச் சிகிச்சைத் தொழில்நுட்பர். மேசையில் நோயாளியைப் படுக்கவைத்துச் சிகிச்சை அளிப்பது என் வேலை. கதிரளவன் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் மேசையருகே வந்து நிற்பவர்களைப் பற்றி எங்களுக்கும் சொல்வதற்குச் சில உண்டு.

சிகிச்சைக்கு வருபவர் இடுப்புக்கு மேல் துணியில்லாமல் படுத்திருக்கும்போது, பயிற்சி மாணவர்கள் நால்வர் வந்து சுற்றி நின்றுகொண்டு லேசர் கோட்டைப் பற்றிப் பேசுவதை நான் அனுமதிப்பதில்லை. உள்ளே வந்தால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பார்த்துக் கற்றுக்கொள்ள வந்திருப்பதாகச் சொல்லி, இருக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்பவர் மிகக் குறைவு. பார்க்க வேண்டிய பகுதியைத் தவிர மற்றதைப் போர்த்திவிடுவதற்கு ஒரு துணி எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கைப்பேசியை வெளியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முகமூடி செய்வதைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது, அந்த முகத்துக்கு உரியவர் நம்மிடம் அதற்கு ஒப்புதல் தரவில்லை.

மார்பகம், கழுத்துப் பகுதிகளுக்குச் சிகிச்சை பெறும் பெண்களிடம் தாலியைக் கழற்றச் சொல்ல வேண்டிவரும். உலோகம் சி.டி. படத்தில் கீற்றுகளை உண்டாக்கும், கதிரையும் சிதறடிக்கும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் "நகையையெல்லாம் கழற்றிடுங்கம்மா" என்று கதவருகே நின்றுகொண்டு சொன்னால், ஏற்கெனவே பயந்து வந்திருப்பவருக்கு அது வேறு விதமாகப் போய்ச் சேரும். நான் முன்கூட்டியே, சிமுலேஷனுக்கு முந்தைய நாளே சொல்லிவிடுவேன். பொன் உருக்களை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும் மட்டும் அணிந்து வரும்படி சொல்வது எங்கள் வழக்கம்; சிகிச்சை நடக்கும் சில நிமிடங்களுக்கு அதையும் ஒதுக்கிக்கொள்ளலாம். மாமியாரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்பார்கள். வரட்டும், ஒரு நாளில் ஒன்றும் கெட்டுவிடாது.

மஞ்சள் என்றதும் நினைவுக்கு வருகிறது. தோலில் போட்ட குறிகளைத் தேய்த்துக் குளித்து அழித்துவிட்டு வருவது, சிகிச்சை பெறும் இடம் கறுத்துவிட்டதே என்று மஞ்சளோ சந்தனமோ தேங்காயெண்ணெயோ பூசிக்கொண்டு வருவது, இவையெல்லாம் வாராவாரம் நடக்கும். திட்டுவதால் பயனில்லை, அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். தளர்வான பருத்தி ஆடை, மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்பு, அவ்வளவுதான் என்று முதல் நாளில் பொறுமையாகச் சொல்லுங்கள். உடன் வந்திருக்கும் மகளிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் வீட்டில் நடப்பது அவர் கையில் இருக்கிறது. வீட்டுக்குப் போனால் பேரக்குழந்தையைத் தூக்கலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். வெளியிலிருந்து கதிர் செலுத்தும் சிகிச்சையில் உடலுக்குள் கதிர் எதுவும் தங்குவதில்லை, தாராளமாகத் தூக்கலாம் என்று நீங்களே சொல்லலாம். தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின் குடித்தவர்களின் நிலை வேறு. அவர்கள் அணுமருத்துவப் பிரிவில் இருப்பார்கள், அங்கே சொல்வதை அங்கே கேட்கட்டும்.

பெயரை மட்டும் கூப்பிட்டு ஆளை உள்ளே அழைக்காதீர்கள். ஒரே காலையில் இரண்டு லட்சுமிகள் காத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கோப்பில் உள்ள எண், புகைப்படம் ஆகிய எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகுதான் மேசை. அறையை விட்டுக் கடைசியாக வெளியேறுபவர் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையும், அந்தக் கடைசி ஆள் நீங்களாக இருக்கும்போது பேசிக்கொண்டே வரக்கூடாது என்பதையும் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

மறுமொழி: வைகைவாசி

நான் இத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். என் தாயாருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக ஐந்து வாரம் கதிர்வீச்சும் அதன் பின் பிராக்கிதெரபியும் அளித்தபோது நாள்தோறும் உடன் சென்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இடுப்புப் பகுதிக்குச் சிகிச்சை என்பதால் சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு காத்திருக்கும்படி சொல்வார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளப்பட்டு கதிரிலிருந்து தப்பும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். இயந்திரம் பழுதாகும் நாள்களில்தான் கொடுமை. ஏழெட்டுப் பெண்கள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு நெளிந்துகொண்டிருப்பார்கள். எவரும் வெளியே வந்து எதுவும் சொல்லமாட்டார்கள். எழுந்து போனால் முறை போய்விடுமோ என்று பயம். அப்படியொரு நாளில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் வெளியே வந்து, இயந்திரம் சரியாக இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும், எல்லோரும் போய்விட்டு வாருங்கள், திரும்பத் தண்ணீர் குடிக்க வேண்டிய நேரத்தை நானே வந்து சொல்கிறேன், முறை மாறாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சொன்னபடியே திரும்பியும் வந்தார். அன்றைக்குப் பிறகு என் தாயார் எதைக் கேட்பதானாலும் அந்தப் பெண்ணைத்தான் தேடுவார்.

நோயாளிகள் உங்களிடம் வந்து கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்: மருத்துவரிடம் கேட்க நேரம் கிடைப்பதில்லை, நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கு எந்த அறையில் முத்திரை வாங்க வேண்டும், புற்றுநோயாளிகளுக்கான ரயில் கட்டணச் சலுகைப் படிவத்தில் யார் கையெழுத்திடுவார் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டீர்களானால், வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்: நொய்யல்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் இப்பக்கத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு சிக்கல் மட்டும் இன்னும் தெளியவில்லை. நோயாளியிடம் புற்றுநோய் என்றே சொல்லாமல், கட்டி என்று மட்டும் சொல்லி அழைத்து வரும் குடும்பங்கள் பல உண்டு என்று கேள்விப்படுகிறேன். கோப்பைப் படித்திருக்கும் எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும், அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த நிலையில் அவர் என்னிடம் கேட்டால் பொய் சொல்வதா?

மறுமொழி: புறநோயாளர்பிரிவு

கதிர்வீச்சுப் புற்றுநோயியல் மருத்துவர் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

பொய் சொல்ல வேண்டாம். நோயின் பெயரையும் அதன் போக்கையும் நீங்கள் அறிவிக்கவும் வேண்டாம். உண்மையைச் சொல்லக்கூடாது என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. அதைச் சொல்பவர் அதன் பிறகு வரும் அடுத்த பத்துக் கேள்விகளுக்கும் பதில் சொல்லக்கூடியவராக, மறுவாரமும் அங்கே இருப்பவராக இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். சிகிச்சை எப்படி நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும், வலிக்குமா, எப்போது தொண்டை எரியத் தொடங்கும் என்பவற்றையெல்லாம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். சரியாகிவிடுமா என்று கேட்டால், "இதை மருத்துவரிடம் கேட்டாக வேண்டும், நீங்கள் கேட்க விரும்புவதாக நான் அவரிடம் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். சிலர் சொல்லுங்கள் என்பார்கள். சிலர் வேண்டாம் என்று தலையாட்டுவார்கள். அவர்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். நான் பார்த்தவரையில், குடும்பத்தார் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, நோயாளி குடும்பத்தாருக்காகத் தெரியாதது போல இருந்துகொண்டிருப்பது அரிதான ஒன்றல்ல. புற்றுநோய் மருத்துவமனை என்று பெரிய எழுத்தில் எழுதிய வாசலைத் தாண்டித்தானே உள்ளே வருகிறார்கள்.

உங்கள் துறைக்கே உரிய ஓர் இடறல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எலும்புக்குப் பரவி வலியோடு வருபவருக்கு 8 கிரேயை ஒரே அமர்வில் கொடுத்து அனுப்புவது நல்ல, நிறுவப்பட்ட சிகிச்சை. நோக்கம் வலியைத் தணிப்பது. காத்திருக்கும் இடத்தில் அவர் பக்கத்தில் இருப்பவருக்கு 35 நாள். "அவருக்கு முப்பத்தைந்து, எனக்கு ஒன்றே ஒன்று, அப்படியானால் எனக்கு நோய் குறைவுதானே?" என்று அவர் மகிழ்ச்சியோடு உங்களிடம் கேட்பார். அந்த எண்ணின் பொருள் உங்களுக்குத் தெரியும், முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். பின்னால் அவர் அதை உங்கள் பெயரோடு நினைவில் வைத்திருப்பார். ஒவ்வொருவருக்கும் நோய் இருக்கும் இடமும் சிகிச்சையின் நோக்கமும் வேறு, அதனால் நாள்களை ஒப்பிட முடியாது, இந்த ஓர் அமர்வு உங்கள் வலி குறைவதற்காக என்று சொல்லலாம். அதில் பொய் எதுவும் இல்லை. பிறகு எங்களிடம் வந்து, இப்படிக் கேட்டார் என்று மறக்காமல் தெரிவியுங்கள். நாங்கள் பேச வேண்டிய பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை எங்களுக்கு நினைவூட்டுவதும் அதுதான்.

மறுமொழி: கதிரளவன்

மருத்துவர் சொன்னதற்குப் பிறகு அலுவல் சார்ந்தவை மட்டுமே மிச்சம். சேர்ந்த அன்றே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் பேட்ஜுக்கான படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், அது வந்து சேரச் சிறிது காலம் பிடிக்கும். வந்ததும் மார்பளவில் அணியுங்கள். வீட்டுக்குப் போகும்போது மேலங்கியோடு சிகிச்சை அறைக்குள் தொங்கவிட்டுப் போகாதீர்கள், மூன்று மாதம் கழித்து வரும் அறிக்கையில் அதற்கு விளக்கம் எழுதும் வேலை உங்களுக்கும் எனக்கும் வந்து சேரும். செய்த சோதனைகள், போட்ட திட்டங்கள், உடனிருந்த பிராக்கிதெரபி அமர்வுகள் ஆகியவற்றைத் தேதியோடு பதிவேட்டில் எழுதி, வாரந்தோறும் மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். ஆண்டு முடிவில் மொத்தமாக நீட்டினால் எவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடமாட்டார்கள், படிக்காமல் இடுவார்கள். பாதுகாப்பு அலுவலர் தகுதித் தேர்வில் இவற்றைப் பற்றித்தான் கேட்பார்கள் என்பதால், அந்தப் பதிவேடே பின்னால் உங்கள் பாடக்குறிப்பாகவும் பயன்படும்.